கையும் கருவியும் (தொடர்): ஏர் ரைபிளுக்குள் ஒரு டீசல் என்ஜின்

ஸ்பிரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்துக் காயவைத்தது வரைக்கும் போன வாரம் வந்தோம். கழற்றும்போது கிளாம்ப் போடச் சொன்னது நினைவிருக்கும். போடாதவர்களுக்கு அது சொல்லாமலே நினைவிருக்கும். இந்த வாரம் எண்ணெய், கிரீஸ், அப்புறம் ட்ரிகர் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எண்ணெயிலேயே மாட்டிக்கொண்டேன். எழுதிக் கொடுக்க வேண்டிய நாளும் வந்துவிட்டது.

லுணுகலைப் பக்கம் ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் மழைதான். மூடுபனி லயத்துக் காம்பராவுக்குள்ளேயே வந்து குந்திக்கொள்ளும். மூலையில் சாத்திய மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் கேட்காமலே துருப்பிடிக்கும். அதனால் இரும்பு என்று எதைக் கண்டாலும் எண்ணெய் ஊற்றுவது இங்கே கைப்பழக்கம். மரக்கறிப் பாத்திக்கு வரும் குரங்கை வெருட்ட என்று வாங்கி வந்த மலிவான சீனத்து ஏர் ரைபிளுக்கும் அதே வைத்தியம்தான்: தீபாவளிக்குப் பிள்ளைக்குத் தலையில் வைப்பதுபோல, வழிய வழிய எண்ணெய்.

பக்கத்து லயத்துத் தம்பி ஒருவர் அப்படித்தான் ரைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, இப்பதான் நல்லா அடிக்குது. வெடிச் சத்தமே வருது, பாருங்க.”

தகர டின்னுக்குக் குறிவைத்து ஒரு அடி. உண்மைதான், சுள்ளென்று சத்தம். குழல் வாயில் நீலப் புகை, கருகிய எண்ணெய் வாசம். டின் மட்டும் அசையவில்லை. தேயிலை ஸ்டோரில் டீசல் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர் திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: “வெடிக்கத்தானேடா செய்யும். அதுக்குள்ளயும் ஒரு என்ஜின்தானே ஓடுது.”

இந்த வாரத்தைத் தின்றது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் சொன்னது விளையாட்டு இல்லை, அச்சொட்டான உண்மை.

ட்ரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. எதிரே அரை கிராம் அளவேயான ஈயக் குண்டு, 4.5 மில்லிமீட்டர் துளையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காற்றுக்குப் போக வழியில்லை. ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு போன்ற நேரத்தில் அது நசுங்குகிறது. சூடு வெளியே கடத்தப்பட அவகாசமே இல்லாததால் வெப்பநிலை பல நூறு பாகைக்கு எகிறுகிறது. அங்கே எண்ணெய் ஆவி இருந்தால் நெருப்புக்குச்சி தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாததன் காரணமும் இதுவே.

இந்த வித்தையை மனிதன் ஐரோப்பாவில் முதலில் கண்டுபிடிக்கவில்லை. மியான்மர், மலாயா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ மக்கள் மூங்கிலிலோ கொம்பிலோ விரல் தடிப்பில் ஒரு குழாய் செய்தார்கள். ஒரு முனை அடைப்பு. உள்ளே இறுக்கமாக ஒரு தண்டு. அதன் நுனியருகே நூல் சுற்றி, கொழுப்புத் தடவியிருக்கும். நுனிக் குழியில் கொஞ்சம் பஞ்சு. உள்ளங்கையால் ஓங்கி ஒரே குத்து. உடனே இழுத்தால் பஞ்சில் கங்கு. நூலும் கொழுப்பும் செய்யும் வேலையைத்தான் நம் ரைபிளில் பிஸ்டன் முனையில் உள்ள வாஷர் செய்கிறது.

மியூனிக்கில் கார்ல் வான் லிண்டே என்ற பேராசிரியர் இந்தத் தீக்குழாயை வகுப்பில் காட்டினார், அதைப் பார்த்த மாணவன் ருடால்ஃப் டீசலுக்குப் பொறி தட்டியது என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, டீசல் லிண்டேயிடம் படித்தவர் என்பது உண்மை. 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓடிய என்ஜின், எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி என்ஜின்கள் கிட்ட நெருங்க முடியாத கணக்கு அது. 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய டீசல் வழியில் காணாமல் போனார். பிறகு கடலில் பிணம்தான் கிடைத்தது. அது தனித் தொடருக்கான கதை, விடுங்கள்.

பெரியப்பாவுக்குச் சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. கார்டியூ என்ற தந்தையும் மகனும் ஏர்கன் ஆராய்ச்சியில் மூழ்கியவர்கள். 1976இல் புத்தகமே போட்டார்கள். ஸ்பிரிங் ரைபிள் ஒன்றை நைட்ரஜன் வாயுவுக்குள் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். ஆக்சிஜன் இல்லை, ஆகவே எதுவும் எரியாது. குண்டின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது! ஒழுங்காக ஓடும் ரைபிளும் ஒவ்வொரு அடிக்கும் துளியிலும் துளி கிரீஸை எரித்தே குண்டை அனுப்புகிறது. அந்தத் துளி அளவு மாறாமல் இருந்தால் குண்டு ஒரே இடத்தில் விழும். கூடினால் எரிவது வெடிப்பாக மாறும்: வாஷர் கருகும், ஸ்பிரிங் ஒடியும், ஒரு குண்டு மேலே, ஒரு குண்டு கீழே.

ஆக, வாஷருக்கு முன்னால் எண்ணெய் என்பது எரிபொருள்; பின்னால்தான் அது மசகு. இதை மனதில் வைத்தால் மீதி தானாக வரும்.

தோல் வாஷர் என்றால் ஒரு இரவு எண்ணெயில் ஊறவைத்து, காலையில் அழுத்தித் துடைத்துவிட்டுப் போடுங்கள். ரப்பர், பிளாஸ்டிக் என்றால் ஓரத்தில் மட்டும் சிலிக்கன் எண்ணெய் பூசியும் பூசாமலும். முகப்பில் வேண்டாம். சிலிக்கனை ஸ்பிரிங்குக்குப் போடாதீர்கள். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் அது தாங்காது. பிஸ்டனின் பின்பகுதிக்கு மொலிப்டினம் கலந்த கிரீஸ்தான் சரி. தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. பதுளையில் மோட்டார் சாமான் கடையில் சி.வி. ஜாயின்ட்டுக்குப் போடும் கறுப்பு கிரீஸ் கேளுங்கள், பெரும்பாலும் அதில் மொலி இருக்கும். விரல் ரேகை தெரிகிற அளவு மெல்லிசாகத் தேய்த்தால் போதும். ஸ்பிரிங்குக்கு ஒட்டும் தன்மையுள்ள கெட்டி கிரீஸ் கொஞ்சம். அடித்ததும் கேட்கும் ‘டொய்ங்’ அடங்கும். குழலின் உள்பக்கம் உலர்ந்தே இருக்கட்டும். துருவுக்குப் பயந்தால் வெளிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

பூட்டிய பிறகு முதல் சில அடிகளுக்குப் புகை வரலாம். அப்புறமும் நிற்காவிட்டால் கிரீஸ் கூடிப்போச்சு, கழற்றித் துடைக்க வேண்டும். குண்டு போடாமல் வெறுமனே மட்டும் அடித்துப் பார்க்காதீர்கள். எதிர்த்து நிற்கக் காற்று இல்லாமல் பிஸ்டன் நேரே போய்ச் சிலிண்டரின் முன்சுவரில் மோதும். குறி தகர டின்னாகவே இருக்கட்டும். குரங்கை வெருட்டத் தகரச் சத்தம் போதும், உடம்பில் ஈயம் தங்கினால் புண் புழுத்துத்தான் அது சாகும்.

ட்ரிகர் அடுத்த வாரம். அதுவரை ட்ரிகரில் உள்ள அந்தச் சின்னத் திருகை யாரும் திருக வேண்டாம். மலிவு ரைபிள்களில் அதை அளவுக்கு மீறித் திருகினால், குழலை மடித்துக் குண்டு போடும்போதே ஸ்பிரிங் அவிழும். விரல் எங்கே இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.