உதவித்தொகை கேட்டால் இடம் கிடைக்குமா?

அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மாணவரின் மதிப்பெண்ணும் கட்டுரையும் ஆசிரியர் பரிந்துரையும் சேர்க்கையைத் தீர்மானிப்பதைப் போலவே, ‘நிதியுதவி கோருகிறீர்களா?’ என்று படிவத்தில் உள்ள வினாவுக்கு அவர் அளிக்கும் விடையும் பல இடங்களில் முடிவைப் பாதிக்கிறது.

இத்தகைய தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்ட நிலையில், அமெரிக்க அரசின் கல்வி மானியமும் கடனும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது என்பதால், அவர்களுக்கான உதவியைப் பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்தே தர வேண்டியுள்ளது. மேலும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் மதிப்பெண்ணுக்காகவோ விளையாட்டுத் திறனுக்காகவோ உதவித்தொகை வழங்குவதில்லை; குடும்பத்தின் பொருளாதார நிலை ஒன்றே அங்கே அளவுகோல்.

இந்த உதவியைக் கோருவோரை நடத்தும் முறையில் பல்கலைக்கழகங்கள் இருவகைப்படும். மாணவரால் கட்டணம் செலுத்த இயலுமா என்பதைத் தேர்வின்போது கருத்தில் கொள்ளாதது ‘நீட் பிளைண்ட்’ எனப்படும் தேவை பாராச் சேர்க்கை. அதைக் கருத்தில் கொள்வது ‘நீட் அவேர்’ எனப்படும் தேவை அறிந்த சேர்க்கை. அமெரிக்க மாணவர்களுக்கு முதல் முறையைக் கடைப்பிடிக்கும் ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா போன்றவையும் வெளிநாட்டினருக்கு இரண்டாம் முறையையே கையாளுகின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டினருக்கும் தேவை பாராச் சேர்க்கையை நெடுநாளாகக் கடைப்பிடித்துவர, 2022-இல் டார்ட்மத்தும் போடனும் அந்த வரிசையில் சேர்ந்தன. பிரௌன் பின்னர் இணைந்தது.

பொருளாதார நிலையைப் பாராததால் இவற்றில் இடம் பெறுவது எளிது என்று கொள்வதற்கில்லை. எம்.ஐ.டி.யில் மொத்த விண்ணப்பதாரர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானோரே அண்மை ஆண்டுகளில் தேர்வாகின்றனர் என்றால், வெளிநாட்டினரில் அது சுமார் 2 விழுக்காடுதான். ஒரே நுழைவுத் தேர்வின் தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் நாடுகளிலிருந்து செல்வோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பு முதலான நான்கு ஆண்டு மதிப்பெண்களும், பள்ளிக்கு வெளியே செய்தவையும், கட்டுரைகளும் ஒருசேர வாசிக்கப்படுவதால், எந்த ஒரு மதிப்பெண்ணும் இடத்தை உறுதி செய்வதில்லை என்பதாகும்.

தேர்வானவரின் ‘முழுத் தேவையை நிறைவு செய்வதாக’ மேற்கண்ட பல்கலைக்கழகங்கள் கூறும்போது, அந்தத் தேவையைக் கணக்கிடுவது பல்கலைக்கழகமே அன்றிக் குடும்பம் அன்று. காலேஜ் போர்டு நடத்தும் ‘சி.எஸ்.எஸ். புரொஃபைல்’ என்ற இணையப் படிவத்தில் பெற்றோரின் வருமானம், சேமிப்பு, சொந்த வீட்டின் மதிப்பு, கடன், படிக்கும் பிற பிள்ளைகள் ஆகிய விவரங்களைத் தத்தம் நாட்டு நாணயத்திலேயே குறிப்பிட வேண்டும். மொத்தச் செலவு 85,000 டாலர் என்றும் குடும்பத்தால் 10,000 டாலர் தர இயலும் என்றும் கணக்கிட்டால், எஞ்சிய 75,000 டாலரே தேவை. அதன் பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத மானியமாகவும், சிறு பகுதி வளாகத்தில் பகுதிநேர வேலை செய்து ஈட்டுவதாகவும் அமைவது வழக்கம்.

தேவை அறிந்த சேர்க்கை உள்ள இடங்களில், வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளும் நோக்கில் உதவி வேண்டாம் என்று எழுதிவிட்டுப் பின்னர் கேட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. சேர்க்கையின்போது கோராத வெளிநாட்டு மாணவர் அடுத்த நான்கு ஆண்டுகளிலும் கோர முடியாது என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. அதுமட்டுமன்றி, எஃப்-1 மாணவர் விசாவுக்கு அடிப்படையான ஐ-20 ஆவணத்தைப் பெறவே முதலாண்டுச் செலவுக்கான நிதி ஆதாரத்தைக் காட்ட வேண்டியிருப்பதால், கையில் பணமில்லாதவருக்குக் கிடைத்த இடமும் பயனற்றுப் போகும்.

எனவே விண்ணப்பிக்க வேண்டிய பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தரவரிசையிலிருந்து தொடங்குவதைவிட, குடும்பம் ஆண்டுதோறும் எவ்வளவு தர முடியும் என்ற தொகையிலிருந்து தொடங்குவதே முறை. அத்தொகை தெளிவானால், உதவி கோரியே விண்ணப்பிக்க வேண்டிய இடங்கள் எவை, கோரினாலும் பெரும்பாலும் கிடைக்காத பெர்க்லி போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் எவை என்பது விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் முன்னரே விளங்கிவிடும்.