துள்ளும் நாய்க்கு ஒரு கோணிச் சாக்கு



கடிக்கிற நாய் என்றால் எல்லோருக்கும் பயம். கட்டிப் போடுவார்கள், ஒதுங்கி நடப்பார்கள். ஆனால் கடிக்கவே கடிக்காமல், பாசத்திலேயே ஆளைக் கீழே தள்ளுகிற நாயை என்ன செய்வது? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும். பாய்ந்து வந்து, முன்னங்கால் இரண்டையும் நெஞ்சில் தூக்கிப் போட்டு, முகத்தை நக்கி, முந்தானையை இழுத்து... "அது ஆசையில செய்யுது" என்று சிரிக்கலாம்தான். வீட்டில் 78 வயது மாமியார் இருந்து, தலைப் பிரசவத்துக்கு மகளும் வரப்போகிறாள் என்றால் அந்தச் சிரிப்பு வராது. எங்கள் வீட்டில் இந்தத் துள்ளல் எப்படி அடங்கியது என்று எழுதுகிறேன். இதே தொல்லையில் இருக்கும் தோழியருக்குப் பயன்படும்.

எங்களுக்கு மண்டபம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நாயை விருதுநகர் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் குட்டியாகக் கொடுத்தார். சிப்பிப்பாறை இனம். நிறம் செவலை, பேரும் செவலை. தென் மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டவென்றே வளர்த்த சாதி இது. ஒடுங்கின வயிறு, நீண்ட கால், அம்பு மாதிரி ஓட்டம். முயல் வேட்டை 1972ம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகிவிட்டது. நாய்க்கு வேலை போய்விட்டது, கால் மட்டும் அப்படியே இருக்கிறது! (2005ல் தபால் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால் தலைகளில் ராஜபாளையம் இருந்தது. சிப்பிப்பாறை அதில் இல்லையே என்று என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் மனக்குறை.)

ஒரு வயது தாண்டியதும் செவலையின் ஆட்டம் தாங்க முடியவில்லை. பின்னங்காலில் நின்றால் முன்னங்கால் என் தோளுக்கு வரும். மாமியார் கொல்லைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். மகளுக்கு வளைகாப்பு நாள் குறித்ததும் என் கொழுந்தனார் வந்து உட்கார்ந்துவிட்டார். "மதினி, பேசாம பாலம் தாண்டிக் கொண்டுபோய் பாம்பன்ல விட்டுட்டு வந்துருவோம். கடலைத் தாண்டித் திரும்பியா வரப்போவுது?" மாமியாருக்கும் அரை மனசு. "வாயில்லா சீவன் பாவந்தான். ஆனா புள்ளத்தாச்சி வர்ற வீடுத்தா..." என்று இழுத்தார்.

வளர்த்த பிராணியை இப்படிக் கொண்டுபோய் விடுவது 1960ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இது பல பேருக்குத் தெரியாது. குற்றமோ இல்லையோ, கையால் சோறு போட்டு வளர்த்ததை நடுரோட்டில் இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. "ரெண்டு மாசம் குடுங்க" என்று கேட்டேன்.

கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா முதலில் காது, பல், தோல் எல்லாம் பார்த்தார். பூச்சி மருந்து கொடுத்தார். உடம்பில் வலியோ அரிப்போ இருந்தாலும் நாய் நிலைகொள்ளாமல் ஆடுமாம். பிறகு கேட்டார்: "அது மேலே பாயும்போது நீங்கள்லாம் என்ன செய்றீங்க?" "சீ, போன்னு திட்டித் தள்ளுவோம்" என்றேன். "அதுதான் அதுக்குக் கூலி. நீங்க பாக்குறது, பேசுறது, தொடுறது மூணும் அதுக்குச் சம்பளம். திட்டு வேற, கொஞ்சல் வேறன்னு அதுக்குப் பிரிச்சுத் தெரியாது. கூலியை நிறுத்துங்க. பாயாதேன்னு மட்டும் சொன்னா போதாது, அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னும் சொல்லிக் குடுங்க."

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சுருட்டின பேப்பரால் மூக்கில் அடி, பாயும்போது முழங்காலால் நெஞ்சில் இடி, பின்னங்காலை மிதி... டாக்டரம்மா எதற்கும் சம்மதிக்கவில்லை. அடிபட்ட நாய் அடித்தவரைக் கண்டு பயப்படும். அந்தப் பயம் ஒரு நாள் கடியாக மாறினால், அதுவும் பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில்! நானும் கை ஓங்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் போட்ட சட்டம் இதுதான். செவலை மேலே பாய்ந்தால் யாரானாலும் வாயே திறக்காமல் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது, கையால் தள்ளக் கூடாது. நாலு காலும் தரையில் பட்டதும் குனிந்து, மெதுவான குரலில் பேசி, கழுத்திலிருந்து முதுகு வரை நீவிவிட வேண்டும். தலையில் தட்டித் தட்டிக் கொஞ்சுவதும், கீச்சுக் குரலில் "செவலக்குட்டீ..." என்று கூப்பிடுவதும் ஆட்டத்தைக் கூட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஒரே நாள்தான் ஆனது. கொழுந்தனாருக்கு மூன்று வாரம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, இரண்டாவது வாரம் முன்னைவிட மோசமானது. குரைப்பு, சேலையைப் பிடித்து இழுப்பு! இது வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். சுவிட்சைப் போட்டு லைட் எரியவில்லை என்றால் நாமும் நாலு தடவை அழுத்திப் பார்க்கிறோம் இல்லையா? அதே கதைதான். அந்த நேரத்தில் இரக்கப்பட்டு ஒரு தடவை கவனித்துவிட்டால், "பலமாப் பாஞ்சா கெடைக்கும்" என்று நாய் படித்துக்கொள்ளும். பல வீடுகளில் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி சாக்கு விஷயம். பழைய கோணிச் சாக்கு ஒன்றைத் துவைத்துக் காயவைத்து, திண்ணை ஓரத்தில் விரித்தேன். உப்பில்லாமல் அவித்த மீன் சதையை முள் எடுத்து, மொச்சைக்கொட்டை அளவு துண்டுகளாக டப்பாவில் வைத்துக்கொண்டேன். (கருவாடு வேண்டாம், அந்த உப்பு நாய்க்கு ஆகாது.) சாக்கில் கால் வைத்தால் ஒரு துண்டு. உட்கார்ந்தால் ஒன்று. படுத்தால் இரண்டு. துண்டைக் கையில் நீட்டாமல் சாக்கின் மேல், முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்தேன். அப்போதுதான் தலை தானாகத் தாழும். பிறகு அஞ்சு எண்ணும் வரை படுத்திருந்தால்தான் துண்டு. அடுத்து பத்து. அடுத்து நான் ஓரடி பின்னால் போய்த் திரும்பி வரும்வரை. அப்புறம் கேட் கொக்கியைத் தட்டிவிட்டு வரும்வரை. எழுந்துவிட்டால் திட்டு கிடையாது, முந்தின பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதற்கு மேல் செய்தால் நாய்க்கும் சலிப்பு, நமக்கும் அடுப்பில் குழம்பு தீயும். கொடுக்கிற துண்டுகளை ராத்திரிச் சோற்றில் கழித்துக்கொண்டேன்.

சாக்கில் ஒரு சௌகரியம், சுருட்டி எங்கேயும் எடுத்துப் போகலாம். டாக்டரம்மாவிடம் போகும்போதும் கொண்டுபோய் விரித்தால் அதன் மேலேயே படுத்துக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஆட்டம் என் வீட்டுக்காரர் கடலிலிருந்து வருகிற காலையில்தான். வாரத்தில் மூன்று நாள் கிளம்பி, மறுநாள் காலையில் கரைக்கு வருவார். தெரு முனையில் டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேட்டதுமே செவலைக்குப் பித்துப் பிடிக்கும். ஆளே இன்னும் வரவில்லை, சத்தத்துக்கே ஆட்டம்! ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி (ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ல் நோபல் பரிசு வாங்கியவர்) இதைத்தான் நாய்களை வைத்துக் கண்டுபிடித்தார். சாப்பாடு வருமுன் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய், பிறகு சத்தத்துக்கே எச்சில் ஊறி நின்றது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் டி.வி.எஸ்.

நல்லவேளையாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு போகாது. கையில் காசு இருக்காது, ஆள் மட்டும் வீட்டில் இருப்பார். அவருக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். வண்டியை எடுத்துத் தெருவைச் சுற்றி வர வேண்டும். உள்ளே வந்து, நாயைப் பார்க்காமல் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் போக வேண்டும். காலையில் அஞ்சு தடவை, சாயங்காலம் அஞ்சு தடவை! "பெட்ரோலுக்கு யாரு காசு குடுப்பா?" என்று முணுமுணுத்தார். பிறகு பாதி நேரம் வாசலிலேயே இன்ஜினை உறுமவிட்டு அணைத்தார். முதலில் சத்தத்துக்குப் பறந்த செவலை, பத்து நாளில் காதை மட்டும் தூக்கியது. மே மாதக் கடைசியில் சத்தம் கேட்டதும் தானாகப் போய்ச் சாக்கில் உட்கார்ந்து டப்பாவைப் பார்த்தது. அன்றைக்கு அவரே உள்ளே வந்து, "ஏத்தா, இங்க வந்து பாரேன்" என்று என்னைக் கூப்பிட்டார்.

இதெல்லாம் நாய்க்கு ஓட்டமும் வேலையும் கொடுத்தால்தான் பலிக்கும். விடிகாலை ஐந்தரைக்கே கடற்கரை. வெயில் ஏறினால் மணல் பாதத்தைச் சுட்டுவிடும். நீளக் கயிற்றில்தான் விடுவோம். கயிற்றைக் கழுத்தில் கட்டாமல், நெஞ்சைச் சுற்றிப் போடுகிற வாரில் கட்ட வேண்டும். பாய்ந்து ஓடுகிற நாய்க்குக் கழுத்தில் சுண்டினால் ஆபத்து. இந்த இனத்துக்குத் தலை ஒல்லி என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை உருவிக்கொண்டும் வந்துவிடும். அவிழ்த்துவிட நான் சம்மதிக்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் விரட்டும் சாதி. எங்கள் கரையில் தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும், நாய்கள் குழியைத் தோண்டிவிடும். குளிர் மாதங்களில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் இறங்கியிருக்கும். எங்கிருந்தோ பறந்து வந்த பறவை, இங்கே நாய்க்குப் பயந்து ஓடணுமா?

பந்து வீசி வீசி விளையாடினால் களைத்துவிடும் என்று நினைக்கிறோம், சூடுதான் ஏறுகிறது. மூக்குக்கு வேலை கொடுத்தால் சீக்கிரம் அமைதியாகிறது. எங்கள் பக்கத்துப் பனையோலைக் கொட்டான்களில் பழசு நாலைந்தைக் கவிழ்த்து, இரண்டின் அடியில் மட்டும் மீன் துண்டு வைப்பேன். மோப்பம் பிடித்துத் தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். அப்புறம் ஒரே தூக்கம். பெரிய நாய்க்கே பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும், குட்டிக்கு இன்னும் கூட. தூக்கம் கெட்ட குழந்தை சாயங்காலம் எப்படிப் படுத்தும், நமக்குத் தெரியாததா!

இடையில் ஒரு நாள் பாய்ந்ததில் என் கையில் நகம் கீறி ரத்தம் வந்தது. தடுப்பூசி போட்ட நாய்தான். ஆனாலும் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் கீறலில் அப்பாதீர்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருடந்தோறும் போட வேண்டும்.

ஜூன் நடுவில் தடை முடிந்து படகு போனது. மறுநாள் காலை அவர் வந்தபோது செவலை சாக்கை விட்டு எழுந்தது. முனகியது, வால் உடம்பையே ஆட்டியது, ஆனால் கால் தரையை விட்டு எழும்பவில்லை. ஆனி மாதக் கடைசியில் மகள் வந்து இறங்கினாள். முன்னெச்சரிக்கையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவள் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் விட்டேன். மெதுவாகப் போய் அவள் பாதத்தை மோந்துவிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டது. பாலம் தாண்டி விடும் பேச்சை அதற்குப் பிறகு கொழுந்தனார் எடுக்கவில்லை. இப்போது மீன் அவித்தால், "செவலைக்கு எடுத்து வச்சியா?" என்று கேட்பது மாமியார்தான்.

முழுசாக மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தெருவில் மீன் கூடை போனால் இன்றைக்கும் ஒரு துள்ளல் உண்டு. நண்டைக் கண்டால் கேட்கவே வேண்டாம். பேரனுக்கு இப்போது நாலு மாதம். தொட்டில் இருக்கிற அறைக்குள் நாயைத் தனியாக விடுவதே இல்லை. எவ்வளவு சாதுவான நாயானாலும் இதில் நான் கறார்.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மட்டும் சாக்கும் பலிக்கவில்லை, மீனும் பலிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. கதவு ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான். வேறு வழி கண்ட தோழியர் இருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, மண்டபம்.