கரிசல் நிலத்து ஊர்கள்

புதூர் என்னும் பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டில் பல. ஈண்டுக் கூறப்படுவது விளாத்திகுளம் வட்டத்துப் புதூராகும். 1986-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வட்டம், அவ்வாண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்துள் அடங்கியது. இவ்வூரின் புறத்தே நின்று நோக்கினால் பெருமலையும் இல்லை. வற்றாத ஆறும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தொலைவு கருநிற நிலமே பரந்து கிடக்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர், அருப்புக்கோட்டை எனப் பல ஊர்களையும் தழுவி விரிந்த இந்நிலத்தைக் கரிசற்காடு என்பர். காடு என்றவுடன் அடர்ந்த மரங்களை எதிர்பார்த்தல் வேண்டா. புன்செய் நிலத்தையே இப்பகுதி மக்கள் காடு என்று வழங்குவர்.

கரிசல் மண்ணின் இயல்பு விந்தையானது. மழை பெய்தால் அது நீரை உறிஞ்சிப் பருத்துக் குழைந்துவிடும். நடப்பவர் காலில் அப்பிக்கொண்டு, பத்தடி செல்வதற்குள் இரும்பைக் கட்டியதுபோலக் கனக்கும். வண்டிச் சக்கரம் அதில் புதைந்தால் காளைகள் இழுத்துச் சலித்துப்போகும். நல்ல சாலைகள் அமைவதற்கு முன்னர், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிற்றூர்கள் பல வெளியுலகத் தொடர்பின்றித் தனித்துக் கிடந்தன. நோயுற்றவரைக் கட்டிலோடு சுமந்து செல்வதன்றி வேறு வழியில்லை. கோடையிலோ அதே மண் சுருங்கி வெடித்துவிடும். வெடிப்பினுள் கையை நுழைத்துவிடலாம். மண் விரிந்து சுருங்குந்தோறும் வீட்டுச் சுவர்களும் பிளவு காணும். ஆதலின் இங்கு வீடு கட்டுவோர் கரிசலைத் தோண்டி அப்புறப்படுத்தி, அவ்விடத்தில் மணலையோ சரளையையோ நிரப்பிய பின்னரே கடைக்கால் இடுவர்.

இப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்துவிடும். ஆற்றுப் பாசனம் இல்லாத இந்நிலத்து உழவு மானாவாரி எனப்படும். வானவாரி என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டுவர். கோடை மழைக்கு உழுது, புரட்டாசியில் ஈரமே இல்லாத புழுதியில் விதையைத் தூவுவர். விதைத்த பின்னர் மழை வரவேண்டும். அதுவும் போதிய அளவு வரவேண்டும். சிறு தூறல் பெய்து நின்றுவிட்டால், விதை முளைத்து அன்றே வாடத் தொடங்கும். மீண்டும் விதை வாங்கவேண்டும். மீண்டும் கூலி கொடுக்கவேண்டும். கடன் பெரும்பாலும் இவ்விரண்டாம் விதைப்பில்தான் தொடங்குகிறது. கோவில்பட்டியில் 1901-இல் தோன்றிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இம்மானாவாரி உழவுக்குரிய வழிகளை ஆராய்ந்து வருகிறது. விதைகளை உப்புக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் இளம்பயிர் வறட்சியைத் தாங்கும் என்பது அவற்றுள் ஒன்று.

வேர் ஆழச் சென்றுவிட்டால் அச்சம் குறையும். மழை நின்ற பின்னும் கரிசல் தன் அடியில் ஈரத்தைக் காத்து வைத்திருக்கும். அவ்வீரத்தையும் தை மாதத்துப் பனியையும் கொண்டே பருத்தியும், சோளமும், மல்லியும் விளைந்துவிடும். கம்பும் குதிரைவாலியும் மிகுதியாக விளைந்த காடுகளில் இக்காலத்தில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம் ஆகியவை மிகுந்துள்ளன. மக்காச்சோளத்தை 2018-ஆம் ஆண்டில் படைப்புழு தாக்கியபோது உழவர் பட்ட துன்பம் பெரிது.

இதற்கு நேர்மாறான நிலம் ஒன்றும் உலகில் உண்டு. நியூகினித் தீவின் நடுவே உள்ள மலைநாட்டில் மழைக்குக் குறைவே இல்லை. கடல் மட்டத்திற்கு 1500 மீட்டருக்கு மேல் உள்ள குக் என்னும் சதுப்பு நிலத்தில், நீரை வெளியேற்றுவதற்காகப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வாய்க்கால் வெட்டியுள்ளனர். அவ்விடம் 2008-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அம்மலைவாழ் மக்கள் இன்றும் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மண்மேடு அணைத்து நடுகின்றனர். இன்றேல் கிழங்கு அழுகிவிடும். அவர்கள் நீரைப் போக்க மண்ணைத் தோண்டினர். கரிசல் மக்கள் நீரைத் தேக்கத் தோண்டினர்.

அங்ஙனம் தோண்டப்பட்டதே ஊருணி. பயிருக்கு ஈரம் தரும் இந்நிலம் மனிதருக்குக் குடிநீர் தருவதில்லை. பல இடங்களில் கிணற்று நீர் உவர்ப்பாகவே இருக்கும். அதனைக் கொண்டு பருப்பு வேகவைத்தலும் அரிது. ஊரார் உண்ணும் நீரை உடையதாதலின் ஊருணி எனப் பெயர் பெற்றது. பேரறிவாளனின் செல்வத்திற்கு வள்ளுவர் இதனையே உவமையாக்கினார். ஊருணியில் குளித்தலும், துணி துவைத்தலும், கால்நடைகளை இறக்குதலும் கூடா. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிடுவர். நீர் கலங்கல் நிறமாயிருக்குமாதலின், குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைப்பர். ஊருணி வற்றிய கோடையில், பெண்கள் வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்புவர். ஒரு குடம் நிரம்ப நெடுநேரம் ஆகும்; அடுத்த குடத்தோடு மற்றொருத்தி காத்திருப்பாள். இவ்வாறு அருமையாகக் காக்கப்பட்ட நீரும் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. சாதியின் பெயரால் சிலர் கரையிலேயே நிறுத்தப்பட்டனர். பிறர் முகந்து ஊற்றும் வரை அவர்கள் காத்து நின்றனர். ஊருணி என்னும் பெயருக்கே அது பொருந்தாத செயல்.

மழை பொய்த்த ஆண்டுகளில் தீப்பெட்டித் தொழிலே பல குடும்பங்களைக் காத்தது. வறண்ட காற்று தீக்குச்சி உலர ஏற்றது. ஆயினும் விடியுமுன் ஊருக்குள் வந்த வண்டிகளில் சிறுவர் சிறுமியரும் வேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். 1956-ஆம் ஆண்டில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில், காமராசர் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய சட்டம் வந்தது. எனினும் அவ்வண்டிகள் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. அவை குறைவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இன்று கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வாயிலாகத் தாமிரவருணி நீர் குழாய்களில் வருகிறது. பெண்களின் சுமை இதனால் பெரிதும் குறைந்தது. ஆனால் குழாய் வந்த ஊர்களில் ஊருணியைக் காப்பார் குறைந்தனர். கரைகளிலும் நீர்வரத்து வாய்க்கால்களிலும் சீமைக் கருவேல் புகுந்து அடர்ந்தது. உழுவாரின்றிக் கிடக்கும் காடுகளையும் அதுவே மூடிவிடுகிறது. அதனை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, பல நாள் புகையவிட்டுக் கரியாக்கி விற்பதும் இங்கு ஒரு பிழைப்பாயிற்று. ஆண்டுதோறும் வெட்டினும் அது மீண்டும் தழைக்கும்; வேரோடு பறித்தாலன்றி ஒழியாது. அவ்வாறு பறித்து, தூர் வாரி, வாய்க்காலையும் திறந்துவிட்ட ஊருணியில் அடுத்த ஐப்பசி மழைக்கே நீர் நிற்கும். நனைந்தவுடன் பருத்துத் தன் வெடிப்புகளைத் தானே அடைத்துக்கொள்ளும் மண் அது.