தரவுத்தளப் பதிப்புகளும் தமிழ்ப் பெயர்களும்

ஓர் ஊரின் நினைவு அவ்வூர் மக்களின் நெஞ்சில் மட்டும் தங்குவதன்று, பட்டியல்களிலும் தங்குகின்றது. பள்ளிவாசலின் குடிப்பட்டியல், மீனவர் சங்கத்தின் உறுப்பினர் ஏடு, பாடசாலையின் வரவுப் பதிவு ஆகியன யாவும் அத்தகையன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கிச் சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களை அழித்தபோது இவ்வுண்மை நன்கு விளங்கிற்று. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. மறுநாள் முதல் எழுந்த வினாக்கள், யார் இருந்தார், யார் இல்லை, எவர் வீடு எங்கே நின்றது என்பன. 2005 இல் கரையிலிருந்து குறித்த தூரத்துக்குள் வீடு கட்டலாகாதென அரசு விதித்தபோது, கிழக்கில் அத்தூரம் 200 மீற்றர் ஆயிற்று. வீட்டின் இடத்தைக் காட்டும் ஒரு வரியே ஒரு குடும்பத்தின் உரிமையைத் தீர்மானிப்பதாயிற்று.

அக்காலத்தில் இலங்கை நிரலாளர் தொண்டாக ஆக்கிய ‘சகானா’ என்னும் வலைவழி மென்பொருள், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய உதவியது. 2006 ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலப் பரிசையும் பெற்றது. எனினும், சிறு அலுவலகங்களும் சங்கங்களும் கைக்கொள்வது பெரும்பாலும் மேசைக் கணினியில் இயங்கும் தரவுத்தளமேயாம். அவற்றுள் பெரிதும் வழங்குவது மைக்ரோசொப்ட் அக்சஸ். அதன் பல பதிப்புகளையும் ஒரே நிரலால் ஆளுவது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அக்சஸின் முதற்பதிப்பு 1992 இல் வெளிவந்தது. பின்வந்தவற்றுள் மூன்று மாற்றங்கள் கருதத்தக்கன. 97 ஆம் பதிப்பு ஓரெழுத்தை ஒரு பைற்றில் வைத்தது. 2000 ஆம் பதிப்பு ஒருங்குறியை ஏற்று, ஓரெழுத்துக்கு இரண்டு பைற்று வகுத்தது. 2007 ஆம் பதிப்பு புதிய கோப்பு வடிவத்தைக் கொணர்ந்தது. 2013 ஆம் பதிப்போ 97 இன் கோப்பைத் திறக்கவே மறுத்தது. அத்தகைய கோப்பை 2007 அல்லது 2010 ஆம் பதிப்பில் திறந்து, புதிய வடிவில் சேமித்த பின்னரே முன்செல்லல் கூடும்.

எடுத்துக்காட்டாக, சாய்ந்தமருதில் கரைவலைத் தொழிலாளர் சங்கமொன்று 1998 இல் தன் உறுப்பினர் ஏட்டை அக்சஸ் 97 இல் அமைத்ததென்று கொள்வோம். அதனை இன்றைய கணினிக்குக் கொணர வேண்டும், செய்வதெங்ஙனம்?

முதலாவது, மூலக்கோப்பைத் தொடாது பிரதியெடுத்தல் வேண்டும். இரண்டாவது, திறக்குமுன் அதன் வடிவத்தை அறிதல் வேண்டும். கோப்பின் தொடக்கத்தைப் பூச்சியத்திலிருந்து எண்ணினால், இருபதாம் இடத்துப் பைற்று இதனைச் சொல்லும். அங்கே 0 இருப்பின் 97 காலத்தது. 1 இருப்பின் 2000 முதல் 2003 வரையிலானது. 2 அல்லது அதனின் மிக்க எண் இருப்பின் 2007 அல்லது அதற்குப் பிந்தியது. நிரல் இவ்வோரெண்ணைப் படித்துத் தன் வழியைத் தேர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவது, அக்சஸை நிரலால் இயக்கும் முறை. நிரலைப் புதிய பதிப்பின் நூலகத்தோடு முன்னரே பிணைத்துவிட்டால், பழைய பதிப்புள்ள கணினியில் அப்பிணைப்பு அறுந்து நிரல் நின்றுவிடும். ஆதலின், பொருளை இன்ன பதிப்பினது என்று சுட்டாது பொதுவாக அறிவித்து, ஓடும்போது உருவாக்குதலே தக்கது. இதனைப் பிற்பிணைப்பு என்ப. அவ்வாறு செய்யுங்கால் நூலகத்தின் மாறிலிப் பெயர்களை நிரல் அறியாது. அவற்றின் எண்மதிப்பையே எழுதல் வேண்டும். சேமிக்காது வெளியேறுக என்னும் கட்டளைக்குரிய எண் 2 ஆகும்.

நான்காவது, பதிப்பெண்ணை வினவுதல். 97 தன்னை 8.0 என்றும், 2000 தன்னை 9.0 என்றும், 2016 தன்னை 16.0 என்றும் கூறும். 13 என்னும் எண் கிடையாது. இவ்விடை எழுத்துச்சரமாகவே வருவது, எண்ணன்று. எழுத்தாக ஒப்பிட்டால் 9.0 என்பது 16.0 இனும் பெரிதாகத் தோன்றும், முதலெழுத்து 9 ஆதலின். எண்ணாக மாற்றிய பின்னரே ஒப்பிடுக. அன்றியும், 2016 இற்குப் பின்வந்த 2019, 2021 ஆகியனவும் 16.0 என்றே விடையிறுக்கும்.

ஐந்தாவது, 2010 முதல் அக்சஸ் 64 பிற்று வடிவிலும் கிடைக்கின்றது. பழைய ஜெற் 4.0 இணைப்பு வழங்கிக்கு 64 பிற்று வடிவம் இல்லை; அவ்விடத்து ஏஸ் வழங்கியையே நாடல் வேண்டும்.

நிற்க. இவ்வளவும் செவ்வனே முடிந்து கோப்புத் திறந்ததென்று கொள்வோம். அப்போதும் உறுப்பினரின் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் நிற்கும். ஏனெனின், அக்காலத்தில் இலங்கையில் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவத்தை வைத்தது. ‘அம்மா’ என்னும் சொல் கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கும். பதிப்பு மாற்றம் ‘எம்’மை ‘எம்’மாகவே கடத்தும், அதனை ‘அ’ ஆக்காது.

இதனால் விளையும் பிழை காட்சியளவில் நில்லாது. பாமினியில் சிறிய ‘எம்’ அகரம், பெரிய ‘எம்’ ஆகாரம். சிறிய ‘எப்’ க, பெரிய ‘எப்’ கு. அக்சஸோ தேடும்போது ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகளை வேறுபடுத்துவதில்லை. ஆகவே அகரமும் ஆகாரமும் ஒன்றாய்விடும். இருவேறு மனிதர் ஒருவராய்த் தோன்றலாம். அகரவரிசைப்படுத்தினால் ககரம் முன்னும், மகரம் இடையும், அகரம் பின்னுமாக நிற்கும்.

எனவே எழுத்துமாற்றம் தனிப்பணியாகச் செய்யத்தக்கது. பாமினியில் கெ, கே, கை என்பவற்றின் குறி மெய்க்கு முன் வரும். ஒருங்குறியில் பின் வரும். கொ என்பதில் இருபுறமும் வரும். ஆதலின் நீண்ட தொடர்களை முதலில் மாற்றிக் குறுகியவற்றைப் பின்னர் மாற்றுக. எந்த நிரலை மாற்றுவது என்பதனினும், எந்த நிரல்களைத் தீண்டலாகாது என்பதைத் தெளிதல் இன்றியமையாதது. ஈண்டு நிரல் என்றது பட்டியலின் பத்தியை. பழைய தேசிய அடையாள அட்டை எண் ஒன்பது இலக்கமும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்னும் ஆங்கில எழுத்தும் கொண்டது. மாற்றி அதன்மீது ஓடினால் பெரிய ‘வி’ ஏகாரமாய்விடும். அவ்வெண் பின்னர் எந்த அலுவலகத்து ஏட்டோடும் பொருந்தாது. 2016 முதல் வழங்கும் புதிய எண் பன்னிரண்டு இலக்கமாதலின், பத்தெழுத்து அகலமுள்ள புலத்தில் அஃது அடங்காது. புலத்தை முன்னரே விரிக்க வேண்டும்.

முடிவில், மாற்றுமுன் இருந்த வரிகளின் தொகையும் பின் இருக்கும் தொகையும் ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்தல் வேண்டும். ஊர்ப் பெயர்களை நன்கறிந்த ஒருவர் திரையருகே அமர்ந்து பெயர்களை வாசித்துப் பார்த்தலும் வேண்டும். நிரல் அறியாப் பிழையை அவர் செவி அறியும்.

சாய்ந்தமருதுக்கு அயலூராகிய காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழை நூல்களினின்றும் ஆராய்ந்து 1947 இல் ‘யாழ்நூல்’ தந்தார். பழையதை இன்றைக்கு உரியதாக்குவோர்க்கு வேண்டும் பொறுமை அதுவே. நம் மாணாக்கர் விடுமுறையில் தத்தம் ஊர்ச் சங்கத்தின் பழைய கணினியொன்றைத் திறந்து, அதனுள் உறங்கும் பட்டியலைப் பிரதியெடுப்பாராயின், அது கற்ற கல்வியின் நற்பயனாம். கடல் மீண்டும் பொங்காதெனினும், பதிப்புகள் மாறிக்கொண்டேயிருக்கும். ஓசையின்றி ஏடுகளை அழிப்பதில் அவையும் ஒருவகைக் கடலே.