வளர்ந்தோருக்குக் கற்பிப்பவரிடம் என்ன தகைமை கேட்பது?

பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது ஆசிரியர் பயிற்றப்பட்டவரா, பட்டதாரியா என்று விசாரிக்கிறோம். அதே வீட்டிலிருந்து தாய் தையல் வகுப்புக்கோ, சாதாரண தரம் முடித்த மகன் மின்னிணைப்பு வகுப்புக்கோ போகும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. "நல்லாத் தைப்பா", "கொழும்பில வேலை செய்தவர்" என்பதே போதுமான தகைமையாகிவிடுகிறது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் இத்தகைய வகுப்புகளை ஆர்வத்தோடு நடத்துவதால் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற பாடசாலை ஆசிரியை. இருப்பது உரும்பிராயில். பக்கத்து ஊரான கோப்பாயில் ஆசிரியர் கலாசாலையும் இருக்கிறது, தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கு இங்கே குறைவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த பயிற்சி பிள்ளைகளை மனதில் வைத்தது. வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பது வேறு வேலை.

அமெரிக்கக் கல்வியாளர் மல்கம் நோல்ஸ் 1970 இல் வெளியான தமது நூலில் இந்த வேறுபாட்டை விளக்கினார். வளர்ந்தவர் வெறுங்கையோடு வருவதில்லை, வாழ்க்கை அனுபவத்தோடு வருகிறார். படித்ததை உடனே பயன்படுத்தப் பார்க்கிறார். அளவெடுக்கத் தெரிந்த, ஆனால் பின்னக் கணக்குத் தெரியாத ஒரு பெண்ணைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்குச் செய்யச் சொன்னால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். அளவு நாடாவைக் கையில் கொடுத்து அதிலேயே அரை, கால் என்று காட்டினால் வருவார். நன்றாகத் தைக்கத் தெரிந்த எல்லோருக்கும் இது தானாக வருவதில்லை. பழக்க வேண்டும்.

ஆகவே இந்தத் துறையில் கற்பிப்பவருக்கு இரண்டு தகைமைகள் வேண்டும்: ஒன்று தொழிலில், மற்றது கற்பித்தலில்.

முதலாவதற்கு நம் நாட்டில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. இருக்கிறது. அதில் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். வகுப்புக்கே போகாமல் தொழிலைச் செய்து பழகியவருக்கும் வழி உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில் நைட்டா, தொழிற்பயிற்சி அதிகார சபை போன்றவற்றின் ஊடாக விண்ணப்பித்து, செய்து காட்டி, சான்றிதழ் பெறலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள் இன்று என் வயதுக்காரர்கள். பலருடைய படிப்பு புத்தளத்து முகாம்களில் குழம்பிப்போனது. கையில் தொழில் இருக்கிறது, கடதாசி இல்லை. அவர்களுக்கு இது முக்கியமான கதவு. நாளை அவர்களே போதனாசிரியர்களாகவும் ஆகலாம்.

இரண்டாவது தகைமைதான் சிக்கல். 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான, யுனிவொடெக் எனப்படும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்று போதனாசிரியர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி அளிப்பது. ஆனால் அது இருப்பது இரத்மலானையில். ஊரில் மாலை வகுப்பு எடுக்கும் ஒரு தாய்க்கு அது எட்டும் தூரமல்ல.

அதற்காக எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிடலாமா? இங்கிலாந்தில் மேற்படிப்புக் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் தகைமையை 2007 இல் சட்டப்படி கட்டாயமாக்கினார்கள். 2013 இல் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். கட்டாயப்படுத்தினால் கைதேர்ந்த மேசன்மாரும் மெக்கானிக்மாரும் கற்பிக்க வரத் தயங்கலாம். ஒன்றுமே கேட்காவிட்டால் படிக்க வந்தவரின் காசும் காலமும் வீணாகும். நமக்கு நடுவழிதான் பொருந்தும்: தொழில் தெரிந்தவரை முதலில் எடுப்போம், கற்பிக்கும் முறையை நாமே பழக்குவோம். ஊரில் ஓய்வுபெற்ற பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாடத்திட்டம் எழுதுவது, செய்து காட்டுவது, வெட்கப்படுத்தாமல் திருத்துவது ஆகியவற்றை இரண்டு மூன்று நாளில் தொடக்கி வைக்க அவர்களால் முடியும்.

வகுப்பு தொடங்க முன் நிர்வாகிகளும், காசு கட்ட முன் பெற்றோரும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. இந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா?

2. குறித்த கற்கைநெறி என்.வி.கியூ. சான்றிதழுக்கு அங்கீகாரம் பெற்றதா? நிலையம் பதிவானதால் மட்டும் அதிலுள்ள எல்லாக் கற்கைநெறிகளும் அங்கீகாரம் பெற்றவை ஆகிவிடாது.

3. கற்பிப்பவரிடம் தொழில் தகைமை என்ன, கற்பித்தலில் பெற்ற பயிற்சி என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் பதில் இருக்காது. அதற்காக வகுப்பை மூட வேண்டாம். நாலு இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டால், அடுத்த வருடம் பதில் தேடி வைத்திருப்பார்கள்.