கொசுவலையும் குழந்தையின் எதிர்ப்பாற்றலும்

மலேரியா மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளில், வளர்ந்தோர் அந்நோயை ஓரளவு தாங்கிக்கொள்கின்றனர். குழந்தைகளோ அதற்கு இரையாகின்றனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் சில திங்கள் காக்கின்றன. பின்னர், அனோபிலிஸ் கொசுக்கள் கடித்து நோய் ஒட்டுண்ணிகள் மீண்டும் மீண்டும் குருதியில் புகப்புக, உடல் அவற்றை எதிர்க்கப் பழகுகிறது. இவ்வாற்றல் தொற்றை அறவே தடுப்பதில்லை. நோய் முற்றி உயிரைப் பறிக்காமல் காக்கிறது. 1961 இல் காம்பியாவில் வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களை மலேரியாவுற்ற சிறார்க்குச் செலுத்தியபோது, ஒட்டுண்ணிகள் பெரிதும் குறைந்தன.

ஆயினும், இவ்வாற்றலுக்குத் தரப்படும் விலை பெரிது. ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். எதிர்ப்பாற்றல் முதிரும் முன்னரே அவர்கள் வாழ்வு முடிந்துவிடுகிறது.

1990களில் பூச்சிக்கொல்லி தோய்த்த கொசுவலைகள் காம்பியா, கானா, கென்யா முதலிய நாடுகளில் ஆராயப்பட்டன. சிறார் இறப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அப்போது அறிஞரிடையே ஓர் ஐயம் எழுந்தது. கொசுக்கடி குறைந்தால் எதிர்ப்பாற்றலும் குன்றுமே. இன்று தப்பிய குழந்தை நாளை வளர்ந்தபின் மடியுமோ? வலை இறப்பைத் தவிர்க்கிறதா, தள்ளிப்போடுகிறதா?

இவ்வினாவுக்கு விடை காண நீண்ட காலம் வேண்டியிருந்தது. தென் தான்சானியாவில் 1998 முதல் 2000 வரை பிறந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாழ்வு 2019 வரை தொடர்ந்து அறியப்பட்டது. அதன் முடிவு 2022 இல் வெளியாயிற்று. இளமையில் பெரும்பாலும் வலைக்குள் உறங்கியோரிடையே, அவ்வாறு உறங்காதோரைவிட இறப்பு 43 விழுக்காடு குறைவாக இருந்தது. ஐந்து வயதுக்குப் பின்னரும் அவர்களிடையே இறப்பு மிகுந்ததாகச் சான்றில்லை. கானாவிலும் கென்யாவிலும் பல்லாண்டு நடந்த தொடராய்வுகளும் அத்தகைய மிகுதியைக் காணவில்லை.

ஐயம் முற்றிலும் பொருளற்றதன்று. தொற்று அற்றுப்போனால் எதிர்ப்பாற்றல் தேய்வது உண்மை. ஆதலின், வலையைச் சில ஆண்டுகள் வழங்கிவிட்டு நிறுத்துவது தீங்கு பயக்கலாம். கிழிந்த வலைக்கு மாற்றாகப் புதியது காலத்தில் கிடைத்தல் வேண்டும்; காய்ச்சல் கண்டவுடன் குருதிச் சோதனையும் மருந்தும் கிடைத்தல் வேண்டும்.

பல குழந்தைகளைப் பலிகொடுத்து எஞ்சியோர் பெறும் ஆற்றலை இயற்கையின் கொடை என்று போற்றி, வலையை மறுத்தல் அறமாகாது. உயிரோடிருக்கும் குழந்தைக்கே எதிர்ப்பாற்றலும் பயன்படும்.