உப்புக்கு ஏங்கும் நாக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மெடிக்கல் கடைகளில் ஓயாமல் காதில் விழுவது, “அண்ணாச்சி, கேஸ் மாத்திரை ஒரு அட்டை.” நெஞ்செரிச்சல், வாய்க்கசப்பு, பசியின்மை எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் காலத்தில் சீரகத் தண்ணீர், ஓமம்; மிஞ்சினால் ஜெலுசில். அமிலத்தைச் சுரக்கும் இடத்திலேயே அடக்கும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் பிறகு வந்தவை. நல்ல மருந்துகள்தான், குடல்புண்ணுக்குக் கத்தி வைப்பதே அரிதாகிவிட்டது. ஆனால் பசி செத்ததற்கெல்லாம் அமிலமா காரணம்?

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி பழுதானாலும் பசி போகும், குமட்டும், எடை இறங்கும், எழுந்தால் தலை சுற்றும். கைரேகையும் ஈறும் கறுக்கலாம். சிலருக்கு வயிற்று அமிலம் குறைந்தே இருக்கும். உப்பு மட்டும் வேண்டும் வேண்டும் என்றிருக்கும். பால்கோவா ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் கோவாவை ஒதுக்கி ஊறுகாய்ப் பாட்டிலைத் தேடினால் வீட்டார் சிரிப்பார்கள். டாக்டர் சிரிக்கக் கூடாது.

1940-இல் வில்கின்ஸ், ரிக்டர் என்ற அமெரிக்கர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். மூன்றரை வயது. பிஸ்கட்டில் ஒட்டிய உப்பை நக்குவான், உப்பை அள்ளித் தின்பான். ஆஸ்பத்திரியில் சேர்த்து வழக்கமான சாப்பாடு கொடுத்தார்கள், சில நாளில் இறந்துபோனான். அறுத்துப் பார்த்தபோதுதான் அட்ரீனல் கோளாறு தெரிந்தது. 1960-களில் ஹென்கின் என்ற ஆய்வாளரின் குழு இத்தகைய நோயாளிகளைச் சோதித்தது. மற்றவர் நாக்குக்குப் பிடிபடாத நீர்த்த கரைசலிலும் இவர்களுக்கு உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு தெரிந்தன. உடலில் உப்பைத் தேக்கும் ஹார்மோன் கொடுத்தும் அது மாறவில்லை. கார்டிசால் வகை ஸ்டீராய்டு கொடுத்ததும் இயல்புக்கு வந்தது.

1855-இல் லண்டனில் தாமஸ் அடிசன் இந்த நோயை விவரித்த காலத்தில் பெரிய காரணம் காசநோய். நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. ஆனாலும் 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மாத்திரையால் காசநோயைத் தீர்க்கலாம் என்று காட்டிய பிறகு நிலைமை மாறியது. அட்ரீனல் பழுதாக இப்போது புதுவழி ஒன்று திறந்திருக்கிறது. மூட்டுவலி, இரைப்பு, சதை போட என்று சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தின்றால் சுரப்பி தூங்கிப்போகும்; திடீரென நிறுத்தினால் ஆள் சரிந்துவிடுவார். இதில் மேனி கறுக்காது, உப்பாசையும் பெரும்பாலும் வராது. அதனால் கண்டுபிடிப்பதும் கடினம்.

பெரிய வைத்தியத்துக்கு அன்று மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேஸ் மாத்திரை தின்றும் பசி திரும்பாமல் எடை இறங்கினால், காலை எட்டு மணி ரத்தத்தில் கார்டிசால் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு தின்பவர் அதைத் தானாக நிறுத்த வேண்டாம்.